செல்லச்சாமி மாமா வீட்டில் இல்லை

ரஜிதாவுக்கு எழுதுவதென்றால் உயிர். ஆறாம் ஆண்டில் படிக்கிற பிள்ளைக்குச் செய்தி எழுத யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாருமில்லை. பழைய கலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் எழுதி, லயத்து வரிசை வீடுகளின் குழாயடிச் சுவரில் ஒட்டிவிடுவாள். 'கங்காணி ஐயாவின் சேவல் பஸ்ஸில் ஏறி உக்குவளை வரை போய் வந்தது' என்று எழுதியதைப் படித்து ரப்பர் தோட்டமே சிரித்தது. கங்காணி அழகமுத்து மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

இப்போது அந்தச் சுவரும் இல்லை, லயமும் இல்லை. அடைமழையில் மலை சரிந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. பிள்ளைகள் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பெரியவர்கள் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். ரஜிதாவின் கூட்டாளி கஜீபனின் அப்பா செல்லச்சாமியை மட்டும் காணவில்லை.

எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தார்கள். ராணுவ முகாமிலிருந்து வந்த ஆமிக்காரர்கள் செல்லச்சாமியின் வீடு இருந்த இடத்தைத் தோண்டினார்கள். கட்டில் கிடைத்தது, சட்டிபானை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. இன்று பொழுது சாய்ந்தால் தோண்டுவதை நிறுத்திவிடுவார்களாம்.

"முகத்தையாவது பாத்து அனுப்பணும். வேறொன்னும் வேணாம் எனக்கு," என்று கஜீபனின் அம்மா நல்லம்மா புலம்பினாள்.

அப்போதுதான் டிவிக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் மைக்கை நீட்டி, "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்மா?" என்றார்.

கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! நல்லம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை மண் மூடியது" என்று கெமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

ரஜிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? அவள் ஒரு கோப்பை தேத்தண்ணீரோடு போய் நல்லம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடிங்க அத்தை. நான் மாமாவப் பத்தி எழுதப்போறேன். மழ நாள்ல மாமா என்ன செய்வாரு?"

"மழைன்னா ஏது பால்வெட்டு? ரப்பர் மலையில இருந்து எல்லாரும் வீட்டுக்கு வந்துருவாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வீட்டுலதான் இருந்திருப்பாருன்னு ஆமிக்காரங்ககிட்ட சொன்னேன்."

"இல்லம்மா," என்றான் பக்கத்தில் இருந்த கஜீபன். "மழ கொஞ்சம் விட்டா அப்பா திரும்பவும் போவாரு. பால் புடிக்க மரத்துல வச்ச சிரட்டையெல்லாம் கவுத்து வைப்பாரு. தண்ணி நின்னா நுளம்பு வருமாம். அது கடிச்சு எனக்கு டெங்கு வந்ததுல இருந்து அப்பிடித்தான்."

"ஏன்டா இத முன்னமே சொல்லல?" என்றாள் நல்லம்மா.

"என்னைய யாரும் கேக்கலயே."

ரஜிதா ஓடினாள். "கங்காணி ஐயா! மாமா பால் வெட்டுற மரத்துல சிரட்டை கவுந்திருக்கான்னு பாக்கணும்!"

"மறுபடியும் உன் நியூஸா, புள்ள?" என்று ஆரம்பித்தவர், அவள் சொன்னதைக் கேட்டதும் சட்டென்று எழுந்தார். சிங்களத்தில் ஆமிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லி, அவர்களோடு மேலே ஏறினார். பிள்ளைகளை ரோட்டைத் தாண்ட விடவில்லை.

திரும்பி வந்து சொன்னார். "பாதி வரிச கவுத்திருக்கு. மிச்சமெல்லாம் நிமிந்தபடி தண்ணி தளும்புது. கவுத்த கடைசி மரத்துக்குப் பக்கத்துலதான் மண்ணு சரிஞ்சிருக்கு."

அந்த இடத்தில் தோண்டினார்கள். இருட்டுவதற்குள் செல்லச்சாமி கிடைத்தார். நல்லம்மா அவர் முகத்திலிருந்த மண்ணைத் தன் கையாலேயே துடைத்தாள். அன்று அங்கே அழாதவர்கள் இல்லை. ஐயோ, அந்த அழுகையை எப்படிச் சொல்வது!

அடக்கம் முடிந்த மறுநாள், மண்டபக் கதவில் ஒரு கலண்டர் தாள் தொங்கியது.

'செல்லச்சாமி மாமா வீட்டில் தூங்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டெங்கு வரக்கூடாதென்று சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். அவர் பாட்டுப் பாடினால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வோம்.'

நல்லம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கஜீபன்தான் வாசித்துக் காட்டினான். கடைசி வரி வந்தபோது அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"இன்னொருக்கா வாசிடா," என்றாள்.