தொண்ணூற்றேழு சதவீதம்

அவள் அந்த வீட்டை அடைந்தபோது மதியம் மூன்று மணி. வாசல் முழுக்க அட்டைப்பெட்டிகளும் கயிறும் கிடந்தன. கதவைத் திறந்த பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கையில் பெரிய ஒட்டும் டேப், காதோரம் தூசி.

"லைப்ரரியிலேருந்தா? செருப்போடயே வாம்மா, தரையெல்லாம் மண்ணு. நாளைக்குக் காலையில கரண்ட்டைத் துண்டிக்க வராங்க. அதுக்குள்ள உனக்கு வேண்டியதை எடுத்துக்கணும்."

மூடிப்போன இணையதளங்களைத் தேடிப் பிடித்துப் பாதுகாப்பது நூலகத்தில் அவளுடைய வேலை. இணையம் புதிதாக வந்த காலத்தில், சின்னச் சின்ன விளையாட்டுகளைச் சேர்த்துவைத்து, கேட்பவர்கள் இறக்கிக்கொள்ளட்டும் என்று சொந்த ஆசைக்குத் தளம் நடத்திய தனியாட்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் சலித்துப்போவார்கள், அல்லது செத்துப்போவார்கள். கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போகும். அதற்கு முன்பாகப் போய்ப் பிரதி எடுக்க வேண்டும். இதுவரை நாற்பத்தொரு தளங்களை மீட்டிருந்தாள். அவள் மிக நீண்ட காலம் தேடியது 'தீப்பெட்டி' என்ற தளத்தை. ஏன் என்று அலுவலகத்தில் யாருக்கும் சொன்னதில்லை.

தீப்பெட்டியை நடத்தியவர் டீச்சரின் கணவர். இறந்து மூன்று மாதமாகியிருந்தது. டீச்சர் மகள் வீட்டுக்குக் குடிபோகிறார்.

மாடி அறையின் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. தூசி கருகும் வாசனை. ஜன்னலில் தடித்த காகிதம் ஒட்டியிருந்ததால் உள்ளே பகலே இல்லை. இருட்டுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக அரிசியை மென்றுகொண்டிருப்பதைப் போல ஒரு சத்தம்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அணைச்சதே இல்லம்மா. தளத்தை மூடி பத்தொன்பது வருஷம் ஆச்சு, அதுக்கப்புறமும் அணைக்க விடல. 'யாரோ இன்னும் இறக்கிக்கிட்டு இருக்காங்க, பாதியில வெட்டக் கூடாது'ம்பார். எனக்குன்னு ஒரு சக்களத்தி இருந்தா அது இந்தப் பெட்டிதான்."

"டெலிபோன் லைன் இருக்கா டீச்சர்?"

"அதை எடுத்து எவ்வளவோ காலமாச்சு. இதோ பாரு."

சுவரில் வயர் அறுபட்டுத் தொங்கியது. முனையில் இரண்டு செப்புக் கம்பிகள், எதையும் தொடாமல். பக்கத்து மேசையில் ஒரு மோடமும், கனமான சிவப்பு டெலிபோனும் இருந்தன.

அவள் தன் சேமிப்பு வட்டை இணைத்துப் பிரதி எடுக்க ஆரம்பித்தாள். முடிய ஐந்து மணியாகும். காத்திருக்கும் நேரத்தில் தளத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். யார், எப்போது, எந்த விளையாட்டை இறக்கினார்கள், எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று வரிவரியாக இருந்தது. இறக்குபவர்கள் ஏதாவது ஒரு பட்டப்பெயர் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தளத்தின் வழக்கம். நாளுக்கு நூறு பேர், இருநூறு பேர். பிறகு தளத்தை மூடிய தேதி.

பதிவேடு அங்கே முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு பெயர். தினமும், மாலை நான்கு பத்துக்கு.

வவ்வால். தோணி. 97 சதவீதம். இணைப்பு அறுந்தது.

வவ்வால். தோணி. 97 சதவீதம். இணைப்பு அறுந்தது.

கீழே தள்ளிக்கொண்டே போனாள். கடைசி வரி நேற்றையது.

"என்னம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"இந்தப் பேர் என் தம்பியோடது டீச்சர்."

"அப்படியா! இப்போ எங்க இருக்கான்?"

"செத்துப்போய் இருபத்திரண்டு வருஷமாச்சு."

விலாசம் சொல்வதைப் போலச் சொன்னாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான் வரும்.

டீச்சர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை, ஒரு மணி நேரம் முன்பு பார்த்த ஒருவரிடம் சொன்னாள். தம்பிக்கு அப்போது பதின்மூன்று வயது, அவளுக்குப் பதினாறு. பள்ளி விட்டு வந்து காக்கிச் சீருடையைக்கூட மாற்றாமல் இருட்டறையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒடுங்கிக்கொள்வான். அம்மா அவனை வவ்வால் என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்குத் தீப்பெட்டியிலிருந்து 'தோணி' என்ற விளையாட்டை இறக்கிக்கொண்டிருந்தான். நாற்பது நிமிடம் ஆகும். டெலிபோனும் இணையமும் ஒரே லைனில். ரிசீவரை யாராவது எடுத்தால் எல்லாம் போச்சு. 'அக்கா, போனைத் தொட்டுடாத' என்று நான்கு தடவை சொல்லியிருந்தான்.

"தொட்டேன். சிநேகிதிக்குப் போன் பண்ணணும்னு. மறந்து எடுக்கல டீச்சர். தெரிஞ்சேதான் எடுத்தேன். ரொம்பத்தான் பண்றான்னு ஒரு கடுப்பு."

கத்தினான். அழுதான். நண்பன் வீட்டில் அந்த விளையாட்டு இருக்கிறது, போய் எடுத்து வருகிறேன் என்று நான்கு வெற்று பிளாப்பிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மழையோடு சைக்கிளில் கிளம்பினான். இரண்டாவது திருப்பத்தில் லாரி. பிளாப்பி ஒன்றுகூட உடையவில்லை. கடைக்குப் போனான் என்றே அம்மா சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள். அக்காவான அவள் அன்றைக்கு அழவில்லை. பிறகு எதற்கும் அழுகை வரவில்லை.

டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இதை அணைச்சிடலாம்மா. எனக்கு என்னமோ பண்ணுது."

"வேண்டாம். மணி நாலு அஞ்சு. பார்த்துடுவோம்."

நான்கு பத்து.

மோடத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

அறுபட்ட வயர் சுவரில் லேசாக ஆடியது. அறையில் காற்று இல்லை. வட்டு மெல்லும் சத்தம் வேகமெடுத்தது. திரையில் புது வரி ஒன்று வந்து விழுந்தது. வவ்வால். தோணி. 1 சதவீதம்.

டீச்சர் ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார். அவள் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது. நாற்பத்து நான்கு. அறையில் மழையில் நனைந்த காக்கித் துணியின் வாசனை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. எழுபது. பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. யாரோ பக்கத்து வீட்டில் பயப்படுவதைச் சுவர் வழியாகக் கேட்பதைப் போல இருந்தது.

தொண்ணூறு.

தொண்ணூற்று நான்கு.

"அம்மாடி," என்றார் டீச்சர், மிகத் தாழ்ந்த குரலில். "என்ன பண்றே?"

அவள் குனிந்து பார்த்தாள்.

தான் எழுந்து நிற்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய வலது கை சிவப்பு டெலிபோனின் ரிசீவரைப் பிடித்திருந்தது.

கை மரத்துப்போயிருந்தது. விரல்களை எடுக்கச் சொன்னாள். எடுக்கவில்லை. அது அவள் கையைப் போலவே இல்லை. இறுக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனது. ரிசீவர் தாங்கியிலிருந்து ஒரு நூலளவு எழும்பியது.

தொண்ணூற்று ஆறு.

"டீச்சர், பிடிங்க. என்னால முடியல."

கிழவி பாய்ந்துவந்து அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, தன் உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் போட்டு அழுத்தினார். நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்த கை. கொஞ்சமும் தளரவில்லை. "எடுக்காத. எடுக்காத. அந்தப் புள்ள முடிச்சிக்கட்டும்."

தொண்ணூற்றேழு.

எண் அங்கேயே நின்றது. வட்டின் சத்தமும் நின்றது. இருட்டில் அவர்கள் இருவரின் மூச்சு. கூடவே, மூன்றாவதாக ஒரு மூச்சு, சின்னதாக, அவள் முழங்கை உயரத்தில்.

தொண்ணூற்றெட்டு.

தொண்ணூற்றொன்பது.

முடிந்தது.

பச்சை விளக்கு அணைந்தது. அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. டீச்சர் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அவளுக்காகவா, தன் வீட்டுக்காரருக்காகவா, தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஐந்து மணிக்குப் பிரதி முடிந்தது. கம்ப்யூட்டரை டீச்சரே அணைத்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த அறையில் சத்தமே இல்லை.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, அலுவலக டெக்னீஷியன் அவளைக் கூப்பிட்டான். தீப்பெட்டியிலிருந்து வந்த விளையாட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. அதற்கென்று ஒரு தனிக் கம்ப்யூட்டர். அதை எந்த இணைப்பிலும் சேர்ப்பதில்லை.

"மேடம், இந்தத் தோணி ரெண்டு பேர் ஆடுற கேமா?"

"தெரியாது. நான் பார்த்ததே இல்ல."

"முன் சீட்ல ஏற்கெனவே ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். நான் இன்னும் ஒரு பட்டன்கூட அமுக்கல."

அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். கறுத்த தண்ணீர். நடுவில் ஒரு தோணி. முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சின்ன உருவம். பின் இருக்கை காலி. அதன் கீழே பெயர் எழுதும் கட்டத்தில் கோடு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது.

டெக்னீஷியன் கைகளைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

ஒட்டடைக்குச்சி.

"இது யாரு மேடம்?" அவன் சிரித்தான்.

பதினாறு வயதில் அவள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. அம்மா காதில் விழாதபோது மட்டும் தம்பி அவளை அப்படிக் கூப்பிடுவான். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

திரையில் தோணி மெதுவாகத் திரும்பி, கரையை ஒட்டி வந்து நின்றது.