அறுபத்தேழும் எழுபத்துமூன்றும்

காலை ஒன்பது நாற்பது. விஞ்ஞானக் கண்காட்சிக்கு நடுவர் வர இன்னும் இருபது நிமிடம்.

பஸ்மிலா வெள்ளை மை டிபெக்ஸ் போத்தலைத் திறந்தாள்.

"என்ன புள்ள செய்யப்போறாய்?" நுஸ்ரத் அவள் கையைப் பிடித்தாள்.

"என்ட நம்பரை அழிக்கப்போறன். ஒரு கேள்விக்கு ரெண்டு விடை எழுதினா முட்டைதானாம். இன்ஸாப் சொல்றான்."

பக்கத்து மேசையில் எரிமலை வைத்திருந்த இன்ஸாப் சிரித்தான். "ஓம். பொரிச்சுத் தின்னலாம்."

நுஸ்ரத்தும் பஸ்மிலாவும் ஆறாம் வகுப்பு. அவர்களுடைய அட்டையில் இருந்தது ஒரே கேள்வி: பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது?

பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது புறப்பட்ட ஒளியைப் பற்றி நுஸ்ரத் படித்திருந்தாள். அதை வைத்து இன்றைய வேகத்தைக் கணக்கிட்டால், ஒவ்வொரு முப்பத்துமூன்று லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கும் நொடிக்கு 67 கிலோமீட்டர் வருகிறது. பஸ்மிலா படித்தது, நட்சத்திரங்களைப் பார்த்து அதே வேகத்தை நேரே அளப்பவர்களைப் பற்றி. அவர்களுக்கு 73.

"ரெண்டு கிழமை தேடி எடுத்தாய். அழிச்சா அட்டையில உன்ட பாதி வெள்ளையாப் போயிரும்," என்றாள் நுஸ்ரத்.

"பிழையா இருந்தா?"

"யாரு சொன்ன பிழையெண்டு? இன்ஸாபா? அவன்ட எரிமலையே இன்னும் வெடிக்கல்ல."

நுஸ்ரத் டிபெக்ஸை மூடினாள். சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டு எண்களுக்கும் நடுவே எழுதினாள்: ஏன் இந்த வித்தியாசம்? இன்னும் யாருக்கும் தெரியாது.

பத்து மணிக்கு நடுவர் ஜவுபர் சேர் வந்தார். குனிந்து வாசித்தார்.

"எது சரி?"

பஸ்மிலா நுஸ்ரத்தின் பக்கம் திரும்பினாள்.

"தெரியாது சேர்," என்றாள் நுஸ்ரத். "ரெண்டு பக்கமும் திரும்பத் திரும்ப அளந்துட்டாங்க. பிழை பிடிபடல்ல."

"அதெப்படி?"

நுஸ்ரத் கையை நீட்டினாள். சட்டைக் கைக்கு வெளியே மணிக்கட்டு மூன்று விரல் அகலம் தெரிந்தது.

"போன வருஷம் அளந்து, இவ்வளவுதான் வளருவேனெண்டு கணக்குப் போட்டு உம்மா தைச்சாங்க. உம்மா அளந்தது சரி. இப்ப என்ட கை இருக்கிறதும் சரி. இடையில நான் வளந்த விதம்தான் உம்மாக்குத் தெரியல்ல. பிரபஞ்சமும் அப்படி வளந்திருக்கலாம், சேர்."

"கை சட்டையை முந்திட்டு," என்றான் இன்ஸாப்.

ஜவுபர் சேர் சிரிக்கவில்லை. அடுத்த மேசைக்கும் போகவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு அட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பஸ்மிலா ஓரடி முன்னால் வந்தாள்.

"சேர், நாங்க பெரியாளாகி அளக்கிறதுக்குள்ள வேற யாரும் இதைக் கண்டுபிடிச்சிருவாங்களா?"