சுமையுண்ணி

நெடுஞ்சாலை முழுக்க வடை சுடும் வாசம். டீக்கடையில்தான் வடை இல்லை. கடலை எண்ணெயை மனிதனுக்கு முன்னால் லாரி குடித்துக்கொண்டிருந்த காலம் அது. பூமிக்கடியில் கச்சா எண்ணெய் தீர்ந்தபோது தாவர டீசல் வந்து நாட்டைக் காப்பாற்றியதாக மேடைதோறும் பேசினார்கள். பொய்யில்லை. கரும்புகை குறைந்தது, பிள்ளைகளுக்கு இருமல் நின்றது. சட்டியில் விழவேண்டியது டேங்கில் விழுந்தது, அவ்வளவுதான்.

அந்த வரிசையில் கடைசியாக வந்த அதிசயம் சுமையுண்ணி. ஓட்டுநர் கிடையாது. ஏற்றிய கடலையையே வழியில் ஆட்டி, டீசலாக்கி, அதிலேயே ஓடும் லாரி. வயிற்றில் செக்கு, மூளையில் வியாபாரம். விலை பேசும் அதிகாரமும் அதற்கே.

ஆடி மாதத்தில் அப்படி ஒன்று திண்டிவனத்தில் கனகசபையின் மண்டி வாசலில் வந்து நின்றது. உள்ளே குஜராத் விதைக்கடலை. அந்த வட்டாரத்துக்கு அந்தப் பருவத்தில் கிடைத்த ஒரே லோடு அதுதான். மற்ற விதையெல்லாம் ஏற்கெனவே எண்ணெயாகிவிட்டிருந்தது. மழை பெய்திருந்தது, நிலம் உழுது கிடந்தது. ஈரம் காய்வதற்குள் விதை விழுந்தாக வேண்டும். ஊர்க்காரர்கள் சார்பில் அஞ்சலாட்சி டிராக்டரோடு வந்து காத்திருந்தாள். அவளால் நேராக வாங்க முடியாது. உரிமம் உள்ள மண்டிக்காரரிடம் மட்டும்தான் வண்டி விலை பேசும்.

வண்டி விலையைச் சொன்னது. கனகசபை அதில் பாதிக்குக் கேட்டார். வண்டி மறுத்ததும், காது கேளாதவர்போல உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். அந்த மண்டியின் பரம்பரை வித்தை அது: வந்த லாரியை நிறுத்திப் போடு. டிரைவருக்குப் பசிக்கும், பெண்டாட்டி ஞாபகம் வரும், மறுநாள் அவனே போன் போட்டு விலையை இறக்கித் தருவான்.

இந்த வண்டிக்குப் பெண்டாட்டி இல்லை. பசி மட்டும் இருந்தது. வெயிலில் வெந்த விதை முளைக்காது என்பதால் பெட்டிக்குள் குளிரூட்டி ஓடியது. குளிரூட்டி ஓட இன்ஜின் ஓடியது. இன்ஜின் ஓட மூட்டை அவிழ்ந்தது. சரக்கைக் காப்பாற்றச் சரக்கையே தின்றது.

“ஐயா, மின் இணைப்புக் கொடுத்தால் சரக்கு மிச்சமாகும்,” என்றது வண்டி, பாடப்புத்தகத் தமிழில்.

மண்டியில் மின்சாரம் இருந்தது. கனகசபை கை கழுவிவிட்டு வந்து வெற்றிலை போட்டார்.

“ஒயரக் குத்தச் சொல்லு மொதலாளி,” என்றாள் அஞ்சலாட்சி. “உள்ள செக்கு ஓடற சத்தம் கேக்குது.”

“நீ சும்மா இரும்மா. ஒயரக் குடுத்தா நமக்கு அவசரம்னு அதுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் வெல எங்கேந்து எறங்கும்?”

“எங்களுக்கு அவசரந்தானே.”

“அத மூஞ்சில எழுதி ஒட்டிக்குவியா?”

வண்டி சொன்ன விலையையே ஊர் கொடுத்துவிடும் என்று அவள் கெஞ்சினாள். கனகசபை பதறிப்போய், அது வண்டியின் காதில் விழாதபடி அவளை எடைமேடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் திட்டினார்.

பாதி போயிற்று, முக்கால் போயிற்று என்று வண்டி அவ்வப்போது அறிவித்தது. கனகசபை சிரித்தார். சரக்கு தீர்கிறது என்று மிரட்டுவது அவர் தாத்தா காலத்துச் சங்கதி. அவரே எத்தனையோ பேரை அப்படி மிரட்டியிருக்கிறார். ஒருமுறைகூட அது உண்மையாக இருந்ததில்லை. உண்மையைச் சொல்லி விற்கும் வியாபாரி ஒருவன் இருப்பான் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

இரண்டு நாள் வெயில் அடித்து ஓய்ந்தது. மறுநாள் காலை வண்டி பேசியது.

“இருப்பதைத் தாங்கள் கேட்ட விலைக்கே தரச் சம்மதம்.”

கனகசபை தொடையைத் தட்டினார். மெஷினை மடக்கிய முதல் ஆள் தான்தான் என்று மண்டி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, வண்டியின் திரையில் பெருவிரலைப் பதித்தார். பணம் போனது. கதவு திறந்தது.

ஜில்லென்று காற்று வந்தது. உள்ளே புண்ணாக்கு, வில்லை வில்லையாக, ஒழுங்காக அடுக்கி. மூலையில் மட்டும் கொஞ்சம் மூட்டைகள்.

“வெதை எங்க?”

“விற்பனைக்கு மீந்தது புண்ணாக்குதான், ஐயா. மூலையில் இருப்பது நான் திரும்பிப் போவதற்கான எரிபொருள். ஒரு கடலைகூட வெயிலில் கெடவில்லை. கடைசிவரை குளிரிலேயே வைத்திருந்தேன்.”

புண்ணாக்குக்கு விதை விலை கொடுத்த கனகசபை ஒரு வில்லையை எடுத்து முகர்ந்து பார்த்தார். அஞ்சலாட்சி படியேறி மூலைக்குப் போனாள்.

“இத வெதச்சாத்தான் வெளையும். வெளஞ்சாத்தான் உன் வவுத்துக்கு,” என்றாள் வண்டியிடம். “ஈரம் போயிட்டுது. நாங்க இனிமே வெதைக்கப் போறதில்ல. வர்ற வருசம் நீ எதத் தின்னுட்டு ஓடுவ?”

அதுவரை யாரும் அந்த வண்டியிடம் விலையைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. அது யோசிக்கத் தொடங்கியது. யோசிக்கவும் எண்ணெய் வேண்டும். மூலையில் ஒரு மூட்டை தானாகச் சாய்ந்து செக்குக்குள் சரிந்தது.

அவள் மீண்டும் வாயைத் திறந்தாள். கனகசபை கையைக் காட்டி அடக்கினார்.

“பேசாத இரு,” என்றார், குரலைத் தாழ்த்தி. “யோசிக்குது பாரு. எறங்கி வந்துடும்.”

அடுத்த மூட்டை சாய்ந்தது.