கிளிமீன் வெளுப்பதற்குள்

டெப்ட்ஃபோர்டின் ஆற்றங்கரைச் சந்துக்குள் நுழையும்போதே ஆம்புரோஸுக்குக் கால் பின்வாங்கியது. பட்டப்பகல்தான். கப்பல் பட்டறையில் சுத்தியல் சத்தம், காற்றில் தார் நாற்றம். கதவைத் தட்ட மனம் வரவில்லை, திரும்பிப் போகவும் முகமில்லை. உலகம் சுற்றிய கப்பல் பயணத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போன சைலஸ், கப்பலில் அவனோடு ஒரே அறையில் மீன் வரைந்தவன். அவனுடைய தூரிகைப் பெட்டியை அவன் அக்காவிடம் சேர்க்காமல் எத்தனை நாள் ஓடி ஒளிவது?

அக்கா டார்கஸ் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டாள், உபசரிப்பில் குறை வைக்கவில்லை. கேக்கை வெட்டி வைத்தாள். பீர் வேண்டாம் என்றதும் தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றினாள்.

"மீன் படம் போடவா உலகத்தையே சுத்துனீங்க? பில்லிங்ஸ்கேட் சந்தைக்குப் போயிருந்தா ஒரு பென்னியில முடிஞ்சிருக்கும்."

"சந்தை மீன் செத்து வெளுத்தது, மிஸ் டார்கஸ். உயிர் போகப் போக நிறமும் போயிடும். கெடாம இருக்கச் சாராய ஜாடியில போட்டா எல்லாம் ஒரே சாம்பல்தான். பிடிச்ச கையோட தீட்டிடணும்."

"ஊரே வாயைப் பிளக்குதே, உங்க கிளிமீன் படம், அதுவும் அப்படித்தானா?"

அவன் தலை குனிந்தான். அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒவ்வொரு பாராட்டும் அவனுக்குச் செருப்படி.

"ஆமா. சைலஸ் போன அன்னைக்குத் தீட்டினது."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான்."

"கடைசியா என்ன கேட்டான்?"

"தண்ணி."

"குடுத்தீங்களா?"

"என் கையாலயே குடுத்தேன்."

பொய்.

தம்ளர் காலியாக இருந்தது. அவன் அதைத் தொடவே இல்லை.

"நல்ல தாகம் போல," என்று சிரித்தபடி டார்கஸ் மறுபடி நிரப்பினாள். "வயிறாரக் குடிச்சானா?"

"குடிச்சான்."

இருவர் கண்ணெதிரிலும் தண்ணீர் இறங்கியது. மடக் மடக்கென்று யாரோ விழுங்கும் சத்தம். காய்ச்சல்காரனின் புளித்த வியர்வை நெடி அறையெங்கும் எழுந்தது.

தம்ளரின் விளிம்பில் காய்ந்த உதட்டுத் தோல் ஒட்டியிருந்தது.

டார்கஸின் சிரிப்பு அடங்கியது. "மிஸ்டர் ஆம்புரோஸ்," என்றாள் தாழ்ந்த குரலில், "நிஜத்தைச் சொல்லுங்க."

"குடுக்கல." அவன் தம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னான். "மீனுக்கு நீலம் போய்க்கிட்டிருந்தது. அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். கொஞ்சம் பொறுடான்னு சொல்லிக்கிட்டே தீட்டுனேன். குடம் கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்தது. திரும்பிப் பார்த்தப்ப அவனும் போயிட்டான்."

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அவனுக்குப் பாரம் குறைந்திருக்கும். தம்ளரை விளிம்பு வரை நிரப்பி அவன் பக்கம் தள்ளினாள்.

"இப்பக் குடுங்க."

எதிரே ஒரு வெறும் நாற்காலி. ஆம்புரோஸ் வலது கையால் தம்ளரை அதன் பக்கம் நீட்டினான். தூரிகை பிடிக்கும் கை அது.

கொதிக்கும் விரல்கள் அவன் மணிக்கட்டைப் பற்றின.

அவன் இழுத்துப் பார்த்தான். பிடி இறுகியது.

"பிடிச்சிட்டானா?" என்று டார்கஸ் கிசுகிசுத்தாள்.

அவனால் தலையை மட்டும்தான் அசைக்க முடிந்தது.

"விடமாட்டான். சின்னப்பிள்ளையிலேர்ந்தே அப்படித்தான்."

அவள் கேக் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. மணிக்கட்டில் பிடி தளரவில்லை. நீட்டிய தம்ளரில் தண்ணீர் ஒரு துளிகூடக் குறையவில்லை.