குடத்துக்குள் கட்டுவிரியன்

மேல்வானத்துக் கதிரவன் இன்னும் முழுதாக விடைபெறவில்லை. பெண்ணையாற்றின் நீரோ அதற்குள் செம்பொன்னாக மின்னத் தொடங்கியிருந்தது. வடகரை மருத மரங்களின் நிழலில் கரும்பொறை நாட்டரசர் மாறன் அமுதனாரின் பாசறை விரிந்து கிடக்க, தென்கரையில் அவருடைய பகைவரான செந்தலை வேந்தரின் கூடாரங்கள் தெரிந்தன. இருவருக்கும் வழக்கு, ஆற்றின் நடுவிலிருந்த ஒரு திட்டைப் பற்றியது. அந்தத் திட்டில் சிறு கோயிலொன்றையும் நாணற்புதர்களையும் தவிர வேறெதுவும் இல்லை என்பதை அன்பான வாசகர்களிடம் சொல்லிவிடலாம். அரசர்களிடம் சொல்லத்தான் எவருக்கும் துணிவில்லை.

பாசறை முற்றத்தில் ஒரு வாலிபன் கட்டுண்டு நின்றான். நண்பகலில் ஆற்றைக் கடந்து வந்தவன்; வெற்றிலை வணிகன் என்று சொல்லிக்கொண்டான். தளபதி நம்பவில்லை, ஒற்றன் என்றார். கரும்பொறையில் இத்தகைய ஐயத்தைத் தீர்ப்பது குடப்பாம்பு. கட்டுவிரியன் அடைத்த மண்குடத்துக்குள் அவன் கையை விட வேண்டும். தீண்டாவிட்டால் நிரபராதி, தீண்டினால் குற்றவாளி, தண்டனையை நஞ்சே நிறைவேற்றிவிடும். அந்தப் பாம்பைப் பேணுவதும் குடத்தை ஏந்தி வருவதும் அரசகுலத்துக் கன்னியின் உரிமை.

குடத்தை ஏந்தி வந்தவள் இளவரசி அரிஞ்சிகை. திட்டுக் கோயிலின் திருவிழாவில் இந்த வாலிபனிடம் வெற்றிலை வாங்கப் போய் மனத்தைக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். ஆகவே யாரும் அறியாமல் கட்டுவிரியனை மூங்கிற் கூடைக்கு மாற்றிவிட்டு, குடத்தில் வெள்ளிக்கோல்வரையன் ஒன்றை விட்டிருந்தாள். அதே கருமேனி, அதே வெண்பட்டைகள், நஞ்சு மட்டும் கிடையாது. பட்டைகள் கழுத்திலேயே தொடங்கினால் வெள்ளிக்கோல்வரையன்; கழுத்து வெறுமையாக இருந்தால் கட்டுவிரியன்.

ஆனால் பதற்றத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். பகல் வெளிச்சத்தில் கட்டுவிரியன் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு சிவனே என்று கிடக்கும். வெள்ளிக்கோல்வரையனோ நஞ்சில்லாத குறையைக் கோபத்தால் ஈடுகட்டும்.

வாலிபன் கையை விட்டான். எடுத்தபோது இரத்தம் துளிர்த்தது. குற்றம் உறுதியாகிவிட்டது. நஞ்சு கொல்லாவிட்டால் தளபதியின் வாள் கொல்லும் என்பது அரிஞ்சிகைக்கு அப்போதுதான் உறைத்தது.

அவனோ தன் கையை உற்றுப் பார்த்தான். கட்டுவிரியன் தீண்டினால் எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும். இதுவோ சுரீரென்று எரிந்தது. நிமிர்ந்து இளவரசியின் முகத்தை ஒரு கணம் நோக்கினான். பிறகு அவன் இமைகள் சரிந்தன, நாக்குக் குழறியது, மெல்லச் சாய்ந்து விழுந்தான்.

அரிஞ்சிகை அலறவில்லை, கூடாரத்துக்கு ஓடினாள். அவசரத்தில் பாம்பு மாறிப்போயிற்றோ என்ற பயத்தில் மூங்கிற் கூடையைத் திறந்தாள். வெறுங்கழுத்துக் கட்டுவிரியன் உள்ளே நிம்மதியாகச் சுருண்டிருந்தது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

குடப்பாம்பு தீண்டியவனைத் தொடுவது பாவம் என்பதால், வீரர்கள் அவனைப் பாயில் உருட்டித் தூக்கி, ஆற்றோடு அனுப்பிவிட வாழைத்தண்டுத் தெப்பத்தில் கிடத்திவிட்டு விலகி நின்றார்கள். நிலவு எழுந்தது. குடம் ஏந்தியவளே மாலை சூட்டித் தெப்பத்தைத் தள்ளிவிட வேண்டும் என்பது வழக்கம். அரிஞ்சிகை மாலையுடன் குனிந்தாள்.

"வெற்றிலை வணிகரே, பிணங்கள் புன்னகை செய்வதில்லை" என்றாள் மெல்ல.

"வணிகனும் இல்லை, ஒற்றனும் இல்லை, இளவரசி. செந்தலை வேந்தரின் மகன் விடங்கன் நான்" என்று மூடிய இமைகளோடு விடை வந்தது.

"எங்கள் படைபலத்தை அறிய வந்தீர்களா?"

"ஒரே ஒரு மனத்தை அறிய வந்தேன். குடத்துக்குள் விடை கிடைத்தது. கொஞ்சம் பலமாகவே கடித்தது."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று எண்ணித் தளபதிகூடக் கலங்கினார்.

"அந்தத் திட்டையே பரிசமாகக் கொண்டு, முரசு முழங்கப் பட்டப்பகலில் வந்து உங்கள் தந்தையிடம் பெண் கேட்பேன். இது என்மேல் ஆணை" என்றான் விடங்கன்.

"வாருங்கள். ஆனால் எங்கள் மாப்பிள்ளைகளும் குடத்தில் கை விட வேண்டும்."

"அன்றைக்கு எந்தப் பாம்பு, தேவி?"

"கட்டுவிரியன்தான்" என்று சொல்லி அரிஞ்சிகை தெப்பத்தைத் தள்ளினாள். "பகலில் அதுவே சாது."