நித்தீஷ் கொண்டுவந்த உப்பு

"ஒண்ணுகூட நீந்தல," என்றான் நித்தீஷ். மூக்கு ஜாடியில் ஒட்டும் அளவுக்குக் குனிந்திருந்தான்.

கடல் சூடானால் அதில் பிறக்கும் குட்டிகள் என்ன ஆகும்? மண்ணரை ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் ஷமீமாவும் நித்தீஷும் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இதுதான். உப்பு நீரில் வாழும் குட்டி இறாலின் முட்டைகளை வளர்ப்பு மீன் கடையில் வாங்கி, இரண்டு ஜாடிகளில் போட்டிருந்தார்கள். ஒன்று நிழலில் இருந்தது. இன்னொன்று பல்பின் சூட்டில்.

இரண்டிலுமே எதுவும் பொரிக்கவில்லை. நாளை மறுநாள் பள்ளிக் கண்காட்சி.

"சூட்டுல பொரிக்கலைன்னா சரி. நிழல்லயும் ஏன் பொரிக்கல?" ஷமீமா யோசித்தாள். "உப்பு எங்கிருந்துடா கொண்டுவந்த?"

"எங்கப்பா வேலை செய்யற சாயப்பட்டறையிலிருந்து. கடல்னா நெறைய உப்பு வேணுமில்ல? அங்க மூட்டை மூட்டையா கெடக்குது!"

ஷமீமா தலையில் கைவைத்தாள். "அது துணியில சாயம் பிடிக்கறதுக்குப் போடற உப்புடா! அதைச் சோத்துல போட்டுத் தின்பியா?"

"ஐயோ, எங்கம்மா தொடவே விடமாட்டாங்க."

"உனக்கே ஆகாதது இறாலுக்கு மட்டும் ஆகுமா?"

நித்தீஷின் முகம் சுருங்கியது. "என்னாலதான் கெட்டுச்சு. டீச்சர்கிட்டச் சொல்லி என் பேரை எடுத்திரு. நீ மட்டும் பண்ணு."

ஷமீமாவுக்குக் கோபம்தான். ஆனால் அவன் கண் கலங்கியதும் அது எங்கோ போய்விட்டது.

"அப்புறம் பல்பை யாரு தூக்கறது? எங்க ஊட்டுல கல்லுப்பு இருக்குது, வா."

முட்டை ஒரு சிட்டிகை மிச்சம் இருந்தது. கல்லுப்புத் தண்ணீர் ஊற்றிய புது ஜாடிகளில் ஷமீமா "பிஸ்மில்லாஹ்" சொல்லித் தூவினாள். நித்தீஷ் தன் பங்குக்கு "முருகா" என்றான்.

மறுநாள் மாலை நிழல் ஜாடியில் புள்ளி புள்ளியாகக் குட்டிகள் துள்ளின. பல்பு ஜாடியில் ஒன்றிரண்டுதான்.

"அந்தப் பழைய தண்ணியைக் கொட்டிரட்டுமா?" என்றான் நித்தீஷ்.

"கொட்டாதே. அதுவும் ஆராய்ச்சிதான்." ஷமீமா ஒரு பழைய ஜாடியில் 'சாயப்பட்டறை உப்பு' என்று எழுதி ஒட்டினாள்.

கண்காட்சியில் சித்ராதேவி டீச்சர் அந்த ஜாடி முன்னால் நின்றார். "சாயப்பட்டறைத் தண்ணி கலக்கற நம்ம நொய்யல் ஆறும் காவிரி வழியா கடலுக்குத்தானே போகுது! இதை வெக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?"

"ரெண்டு பேருக்கும்தானுங்க," என்றாள் ஷமீமா.

"இல்லீங்க டீச்சர். நான் தெரியாமப் போட்டுக் கெடுத்துட்டேனுங்க. ஷமீமாதான் காப்பாத்துனா," என்றான் நித்தீஷ்.

டீச்சர் சிரித்துவிட்டார். "கெடுத்தவரும் காப்பாத்தினவரும் சேர்ந்தே மாவட்டக் கண்காட்சிக்குக் கிளம்புங்க."

நித்தீஷ் கையைத் தூக்கினான். "பல்பு நான் கொண்டுவர்றேனுங்க. உப்பை மட்டும் ஷமீமாகிட்டயே விட்டுருங்க!"