உட்கார மறந்த சலூன்காரர்

"என் புருஷனுக்கு விஷம் வெச்சுட்டாங்க சார். வெச்சது என் கொழுந்தன்தான்."

வந்த பெண் நாற்காலியில் உட்காரும் முன்பே இதைச் சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். தெருவில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். பக்கத்தில் நின்ற உதவியாளருக்கு 'அவசரம்' என்று பெயர். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவள் கணவர் தம்பியோடு சேர்ந்து சலூன் நடத்துகிறார். போன வாரம் கடையிலேயே ரத்த வாந்தி எடுத்து விழுந்தார்; இப்போது மருத்துவமனையில் கிடக்கிறார். வயிற்றில் புண், சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, காரணம் பிடிபடவில்லை என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள்.

"மருந்து ஏதாவது சாப்பிடறாரான்னு டாக்டர் கேட்டார். எதுவும் இல்லன்னு சொன்னோம். அப்ப விஷம்தானே? கடையில டீ போட்டுக் குடுக்கிறது கொழுந்தன்தான். நாளைக்கு போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உங்க வாயால ஒரு வார்த்தை கேக்கணும்."

"கொழுந்தன் கம்பி எண்ண வேண்டியதுதான்," என்றான் அவசரம்.

"முதல்ல கடையைப் பார்ப்போம்," என்றார் நிதானம்.

கடையில் தம்பி அழுது வீங்கிய கண்களோடு கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவசரம் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூக்கை உள்ளே விட்டான்.

"அண்ணன் குடிச்ச டீயைத்தான் நானும் குடிச்சேன்," என்றான் தம்பி.

நிதானம் மூலையில் கிடந்த முக்காலியைத் தடவினார். விரலில் தூசி அப்பியது. "இது யாரோடது?"

"அண்ணனோடது. அவருக்கு முட்டி வலி. ஒருத்தருக்கு வெட்டி முடிச்சா, கொஞ்சம் உட்கார்ந்துட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். இந்த வருஷம் உட்காரவே இல்ல. நல்லாத்தான் இருந்தார்."

"ம்," என்றார் நிதானம். முக்காலியை இன்னொரு முறை பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவசரத்துக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்து, சலூனில் மூவரைக் கூட்டினார்: மனைவி, தம்பி, மாடி வீட்டில் இருக்கும் சலூன்காரரின் அக்கா.

"வயசாக ஆக முட்டி வலி கூடும். இவருக்கு மட்டும் காணாமப் போயிருக்கு. முக்காலியில தூசி படியற அளவுக்கு. தானாப் போகல, யாரோ போக்கியிருக்காங்க. யாருன்னு அவர்கிட்டயே கேட்டுட்டு வந்தேன். அவருக்கு நீங்க குடுத்த வலி மாத்திரையை எடுத்து வைங்க. மூணு பேரும்தான்."

முதலில் தம்பி, சீப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். "டீயோட ஒண்ணு. அவ்வளவுதான்."

அக்கா பர்ஸைத் திறந்தாள். "காலையில படியிறங்க முனகுவான். பாக்கப் பொறுக்காது."

மனைவி கடைசியாகத்தான் கைப்பையைத் திறந்தாள். "ராத்திரி நல்லாத் தூங்கட்டுமேன்னு."

கண்ணாடிக்குக் கீழே மூன்று அட்டைகள், மூன்று நிறம், மூன்று பெயர்.

"மூணும் ஒரே வகை," என்றார் நிதானம். "எப்பவாவது ஒண்ணு போட்டா பெரும்பாலும் தாங்கும். தினம் மூணையும் சேர்த்து, மாசக்கணக்கா போட்டா வயித்தை அரிச்சு ரத்தம் கசிய வைக்கும். சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தையும் குறைச்சிடும். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்."

"இதெல்லாம் மருந்தா சார்? மளிகைக் கடையில விக்கிறது," என்றாள் மனைவி.

"அதனாலதான் டாக்டர் கேட்டப்ப உங்க யாருக்கும் ஞாபகம் வரல."

"ஏற்கெனவே போட்டுட்டேன்னு அவராவது சொல்லியிருக்கலாமே?" என்றான் அவசரம்.

"சொல்ல மாட்டார்," என்றான் தம்பி. "ஆசையா நீட்டின கையை அண்ணன் தட்டினதே இல்ல."

மனைவி கொழுந்தனைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். "இப்ப நிறுத்தியாச்சே. சிறுநீரகம் திரும்பிடுமா?"

"திரும்பாதுன்னுதான் டாக்டர் சொன்னார்," என்றார் நிதானம். ஆறுதலுக்குப் பொய் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. அன்று இருந்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது.

அவள் போன் அடித்தது. கணவர்தான். அந்த அமைதியில் அவர் ஈனக்குரல் எல்லோருக்கும் கேட்டது.

"முட்டி உயிர் போகுதும்மா. இங்க குடுக்கறது எதுவும் கேக்கல. வரும்போது யாராவது ஒரு மாத்திரை எடுத்துட்டு வாங்களேன்."

கேட்டவுடன் எடுத்து நீட்ட மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கையும் எழவில்லை.

"மாத்திரை கிடையாதுங்க," என்றாள் அவள். "நான் மட்டும் வரேன்."